மைக்கில் தேடப்பட்ட அம்மா

நாற்பத்தொன்பது வயதில் அம்மாவைத் தொலைத்தவன் நான். திருவிழாக் கூட்டத்தில் இல்லை. பட்டப்பகலில், சொந்த வீட்டில்.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு. வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. குரல் மட்டும் விழவில்லை. ஏம்பலத்தில் எங்கள் வீட்டுக்குள், செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில் படுத்தபடியே கரும்புத் தோட்டம் வரைக்கும் உத்தரவு போடுவார். அவரைப் பார்த்துக்கொள்வது அம்மா. அவளுக்கே எழுபத்திரண்டு, இரண்டு முட்டியும் தேய்ந்தாச்சு. ராத்திரியெல்லாம் அவர் இருமுவார். ஒரு இருமலுக்கே இவள் எழுந்து உட்காருவாள். காலையில் "தூங்கினியாம்மா?" என்றால், "கண்ணை மூடினேன்" என்பாள். (இரண்டும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.) "நான் பார்த்துக்கறேன், நீ போய்ப் படு" என்றால், "நீ தூங்கினா இடி வுழுந்தாலும் எழுந்துக்க மாட்டியேடா" என்பாள். அதுவும் உண்மைதான்.

அது ஆடி மாதம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்காக எங்கள் வாசல் தென்னையில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். மத்தியானம் சாப்பிட வந்தால், கதவு திறந்து கிடக்கிறது. அடுப்படியில் அம்மா இல்லை. தோட்டத்தில் இல்லை. கிணற்றையும் எட்டிப் பார்த்தேன். (தூர்ந்துபோன கிணறு, முழங்கால் ஆழம்கூட இல்லை. பதற்றத்துக்கு அதெல்லாம் தெரியுமா?)

"அப்பா, அம்மா எங்க?"

ஊருக்கே கேட்கப் பதில் சொல்பவர் வாயைத் திறக்கவில்லை. முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டியது. நல்ல கையைத் தூக்கி உதட்டின் மேல் ஒரு விரலை வைத்தார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மறுபடியும் வாதம்! பேச்சு போயிற்று! அதைப் பார்த்த அம்மா, ஆள் கூப்பிட ஓடி, வழியில் எங்கேயோ விழுந்து கிடக்கிறாள்!

கோயிலுக்கு ஓடி மைக்கைப் பிடுங்கினேன். "எங்கம்மாவைக் காணோம்! நீலப் புடவை! அப்பாவுக்குப் பேச்சு வரலை! யாராவது வாங்களேன்!" (பிறகு நான் அழுததும் ஒலிபரப்பானது.)

பாதி ஊர் எங்கள் வீட்டில் கூடிவிட்டது. பக்கத்து வீட்டு மங்கா அக்கா கட்டிலருகே போய், "பெரியப்பா, நாக்கை நீட்டு!" என்றாள். அப்பா விரலை எடுக்காமல் எல்லாரையும் முறைத்தார்.

"விரலும் இழுத்துக்கிச்சு போலடா" என்றாள் அக்கா என்னிடம்.

அந்த விரலைப் பிடித்து இழுத்தேன். அவ்வளவுதான். ஓர் இருமல் வெடித்தது.

தொங்கிக்கொண்டிருந்த போர்வைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், நீலப் புடவை அசைந்தது.

"இன்னாங்க, தண்ணி வேணுமா?" என்றபடி அம்மா நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தாள். சுற்றிலும் நின்ற கால்களைப் பார்த்தாள். "இன்னாடா இது? யாருக்கு இன்னா ஆச்சு?"

அப்பாவுக்குப் பேச்சு முழுசாகத் திரும்பிவிட்டது. "டேய் அறிவுகெட்டவனே! சிமெண்டுத் தரை ஜில்லுனு கீதுன்னு இப்பத்தான் அடியில படுத்து அசந்தா. அது கலையக் கூடாதுன்னு இருமலை அடக்கிக்கினு உயிரைப் பிடிச்சிக்கினு கெடக்கறேன். வந்துட்டான் மைக்கைத் தூக்கிக்கினு!"

"மைக்கா? இன்னா மைக்கு?" என்றாள் அம்மா.

மங்கா அக்கா சிரித்த சிரிப்பு பக்கத்து ஊர் கரியமாணிக்கம் வரைக்கும் கேட்டிருக்கும்.

இப்போது மத்தியானத்தில் எனக்கு ஒரு வேலை உண்டு. தொண்டை கரகரத்தால் அப்பா சைகை காட்டுவார். சத்தமில்லாமல் சக்கர நாற்காலியில் ஏற்றி, தோட்டத்து மூலைக்குத் தள்ளிக்கொண்டு போவேன். அங்கே ஆசை தீர இருமிவிட்டு, அப்படியே என்னையும் திட்டி முடிப்பார். உள்ளே அம்மா தூங்குவாள்.

ஊரில் யாருடைய ஆடு காணாமல் போனாலும், "மைக்குல சொல்றதுக்கு முன்னாடி கட்டிலுக்கடியில பாத்தியாடா?" என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். எல்லாரோடும் சேர்ந்து அம்மாவும் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் தவறாமல் ஒரு பெருமூச்சு விடுவாள்:

"இன்னும் கொஞ்சம் தூங்கியிருப்பேன்டா."