ஆற்றின் மேல் ஒரு பெருக்கல் குறி

"நம்ம கம்பெனியோட உத்தி என்ன சார்?" என்று தவீசக் கேட்டபோது விற்பனை மேனேஜர் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"எதோட உத்தி?"

"கம்பெனியோட. அடுத்த மூணு வருஷத்துல எங்க போகப்போறோம், எப்படிப் போகப்போறோம்... அது."

மேனேஜர் குச்சியை எடுத்துவிட்டு யோசித்தார். "மீன் டப்பா விக்கப்போறோம். நிறைய விக்கப்போறோம்."

கணக்குப் பிரிவில் கேட்டால், "செலவைக் குறைக்கறது. முக்கியமா உங்க கம்ப்யூட்டர் செலவை" என்றார்கள். உற்பத்திப் பிரிவில் இன்னும் மோசம். "மெஷின் நிக்கக் கூடாது. அதான் உத்தி. இப்ப நகருங்க, உள்ள மீன் வெந்துக்கிட்டிருக்கு."

தவீசக் தன் அறைக்குத் திரும்பித் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மஹாச்சாய் துறைமுகத்தை ஒட்டிய அந்த மீன் டப்பா கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவன்தான் தலைவன். பிரிவு என்றால் அவனும் ஓராதாய் என்ற பெண்ணும், இருமிக்கொண்டே ஓடும் ஒரு ஏசி இயந்திரமும். வேலை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, முதலாளியின் மகன் சைராத் வெளிநாட்டில் நிர்வாகம் படித்துவிட்டுத் திரும்பி வரும்வரை.

வந்த முதல் கூட்டத்திலேயே சைராத் எழுந்து நின்று சொன்னான். "தொழிலோட உத்தி ஒரு கால். கம்ப்யூட்டர் திட்டம் இன்னொரு கால். ரெண்டும் சேர்ந்து நடக்கணும். நம்ம கம்பெனியில ஒண்ணு கிழக்க போகுது, ஒண்ணு மேற்க போகுது."

"முதல்ல எந்தக் காலை எடுத்து வைக்கறது?" என்று கேட்டார் ஹெங் முதலாளி.

கேட்டது முதலாளி என்பதால் எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில், தொழில் உத்தியோடு பொருந்துகிற மாதிரி மூன்று வருஷக் கம்ப்யூட்டர் திட்டம் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் போட்டுக் கொடுக்கும் பொறுப்பு தவீசக்கின் தலையில் விழுந்தது.

பொருத்துவதற்கு உத்தி வேண்டுமே!

வேறு வழியில்லாமல் முதலாளியிடமே போனான். அவர் வாசலில் இருந்த காவல் தெய்வத்தின் குட்டி மாடத்துக்குச் சிவப்புச் சோடா படைத்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி, உத்தி என்னன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா திட்டத்தைப் போட்டுடுவேன்."

"நீ திட்டத்தைக் கொண்டா. நான் உத்தியைச் சொல்றேன்."

"உத்தி தெரிஞ்சாத்தானே திட்டம்..."

"தவீ," என்றார் முதலாளி, சோடா பாட்டிலில் உறிஞ்சுகுழலைச் செருகியபடி. "வெள்ளிக்கிழமை."

தவீசக் வரைந்தான். ஒரு பெரிய தாளில் கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றையும் கோடுகளால் இணைத்தான். கிடங்கு, கணக்கு, விற்பனை, கொதிகலன். நடுவில் நெளிநெளியாக தா சீன் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கம்பெனியின் இரண்டாவது தொழிற்சாலை, தா சலோமில்.

அந்தக் கட்டத்தை மட்டும் கொஞ்சம் பொறுமையாக வரைந்தான். அங்கேதான் அவன் மனைவி புப்பா மீன் நறுக்கும் கொட்டகைக்கு மேற்பார்வை பார்த்தாள். தினமும் காலையில் ரப்பர் பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு படகேறி அக்கரைக்குப் போவாள்.

ஆற்றைத் தாண்டிக் கம்பி இழுக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும் என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பது அவன் வழக்கம். பின்னால் விசாரிக்க வேண்டும் என்று அர்த்தம். ஆற்றின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

முதலாளி தாளை ஒரு தடவை நேராகவும் ஒரு தடவை தலைகீழாகவும் பார்த்தார். "எனக்கு இந்தக் கட்டமும் கோடும் ஒரு எழவும் புரியாது" என்று சொல்லி, சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு காரில் ஏறிப் போனார்.

திங்கட்கிழமை, அந்தக் கிழமைக்குரிய மஞ்சள் நிறச் சட்டையில் எல்லோரும் வழக்கம்போல் கூடியிருந்த கூட்டத்தில் முதலாளி எழுந்தார்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் நமக்கு ஆகாது. தா சலோம் தொழிற்சாலையை மழை முடிஞ்சதும் மூடிடறோம்."

சைராத் தவீசக்கின் பக்கம் சாய்ந்து, "உத்தி கேட்டீங்களே, கிடைச்சிருச்சு பாருங்க" என்றான் உற்சாகமாக.

அன்றைக்கு வீட்டில் புப்பா சோற்றைப் போட்டாள், மீன் குழம்பை ஊற்றினாள், எதிரில் உட்கார்ந்தாள். தன் தட்டை எடுக்கவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சத்தியமா தெரியாது."

"எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குன்னு பீத்திக்குவீங்களே?"

"மீன் கணக்குதான் இருக்கு. முதலாளி மனசு இல்ல."

"நான் எங்கயாவது பொழைச்சுக்குவேன். சோம்ஜித் என்ன பண்ணுவா? அவ புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பியே வரல. ரெண்டு பிள்ளைங்க. அவளுக்கு அந்தக் கத்திதான் சோறு. இன்னிக்கு அவ அழக்கூட இல்ல, தெரியுமா? நறுக்கிக்கிட்டே இருந்தா. விரலை நறுக்கினதுகூடத் தெரியாம நறுக்கிக்கிட்டே இருந்தா."

தவீசக் தட்டைத் தள்ளி வைத்தான்.

"ஏதாவது பண்ணுங்க" என்றாள் புப்பா. "உங்க ஆபீஸ்ல நீங்களும் ஒரு பெரிய ஆள்தானே?"

அவன் படுத்துக்கொண்டு யோசித்தான். உத்திக்கு ஏற்றபடி திட்டம் மாற வேண்டும் என்பது சைராத்தின் பாடம். கொஞ்சம் திருப்பிப் பார்த்தால்? தா சலோம் இல்லாமல் கம்ப்யூட்டரே ஓடாது என்று திட்டத்தில் காட்டிவிட்டால், உத்தி கொஞ்சம் யோசிக்காதா?

மறுநாளே புதிய படம் தயாரானது. இந்தத் தடவை தா சலோம்தான் நட்டநடுவில், தாளில் பாதியை அடைத்துக்கொண்டு. உள்ளே என்னென்ன வரும் என்று எழுத அந்தத் தொழிற்சாலை மேனேஜரிடம் விவரம் கேட்டான். அவர் வேறு வேலை தேடுவதில் மும்முரமாக இருந்ததால் போனையே எடுக்கவில்லை. சரி, பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று கட்டத்தைக் காலியாக விட்டான். இடம் போதாததால் கம்ப்யூட்டர் பிரிவைக் கீழ் மூலைக்குத் தள்ளினான். கம்பி எந்த வழியாகப் போகும் என்று முடிவாகாததால் அதை மட்டும் புள்ளிக்கோட்டால் இணைத்தான்.

ஓராதாய் எட்டிப் பார்த்தாள். "நம்மளை ஏண்ணே மூலையில தள்ளிட்டீங்க?"

"பணிவா இருக்கட்டும்."

"இது பணிவு மாதிரி இல்லண்ணே. வகுப்புல முட்டி போட வெச்ச மாதிரி இருக்கு."

"சும்மா இரு. இதைப் பார்த்துட்டு தா சலோமை எவன் மூடறான் பார்ப்போம்."

முதலாளி இந்தத் தாளையும் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த திங்கள், மறுபடியும் மஞ்சள் சட்டை, மறுபடியும் கூட்டம். தவீசக் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"தா சலோமை மழை முடியற வரைக்கும் வெச்சிருக்க வேண்டாம்" என்றார் முதலாளி. "இந்த மாசமே காலி பண்ணிடலாம். சீக்கிரம் காலி பண்ணினா நல்லது. அப்புறம் இந்தக் கம்ப்யூட்டர் பிரிவு. அது நம்ம உடம்போட ஒட்டவே இல்ல. அறுந்து விழறதுக்கு முன்னாடி நாமளே வெளியாளுக்குக் குடுத்துடலாம்."

சைராத் துள்ளி எழுந்தான். "அப்பா! இதைத்தான் காலேஜ்ல ஒரு வருஷம் பூராச் சொல்லிக் குடுத்தாங்க! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முதலாளி அடக்கமாகப் புன்னகைத்தார்.

கூட்டம் முடிந்ததும் தவீசக் சைராத்தை மடக்கினான். "சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்கப்பா என் திட்டத்தைப் படிச்சுப் பார்த்தாரா?"

"அப்பாவா? டப்பா மேல ஒட்டின விலையைத் தவிர அவர் எதையும் படிச்சதில்ல. அவருக்கு உத்தி உள்ளுக்குள்ள இருந்து வருது. அது ஒரு வரம். நீங்க இப்ப என்ன பண்றீங்க, புது உத்தியோட பொருந்துற மாதிரி கடைசியா ஒரு திட்டம் போட்டுக் குடுத்துட்டுப் போங்க."

"போறவன் எதுக்குத் திட்டம் போடணும்?"

"பொருந்தணும் இல்ல?"

அறைக்கு வந்தபோது ஓராதாய் தன் மேசையில் இருந்த பூனைப் பொம்மையைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்க்கவில்லை. மூக்கை மட்டும் ஒரு தடவை உறிஞ்சினாள். மூலையில் தள்ளியது யார் என்று இருவருக்குமே தெரியும்.

தவீசக் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். காலையில் வாங்கிய ஐஸ் காப்பி ஒரு பெரிய வெள்ளைத் தாளின் ஓரத்தில் வேர்த்துக்கொண்டு நின்றது. அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். தம்ளர் நின்ற இடத்தில் பழுப்பாக ஒரு வட்டம்.

தாளை அப்படியே நீட்டினான். "இதை முதலாளிகிட்ட குடுத்துடு."

"அண்ணே, ஒண்ணுமே எழுதல."

"அதான் திட்டம்."

"கோபத்துல பண்றீங்க. வேண்டாண்ணே."

"பத்து வருஷமா கட்டம் போட்டேன். ஒருத்தனாவது உள்ள என்ன இருக்குன்னு கேட்டானா? இதையும் யாரும் பார்க்கப் போறதில்ல. கொண்டு போய்க் குடு."

அவள் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறுநாள் மதியம், சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு தவீசக் கீழே இறங்கினான். காரைத் துடைத்துக்கொண்டிருந்த முதலாளியின் டிரைவர் லெக், துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"உங்களையுமா சார்? அடப்பாவமே. இதெல்லாம் இங்க நடக்கற முடிவு இல்ல சார்."

"பின்னே?"

லெக் சுற்றுமுற்றும் பார்த்தான். "மார்க்கெட்டுக்குப் பின்னாடி, கோயில் சந்துல லமாய் அம்மான்னு ஒருத்தங்க. குறி சொல்ற பெரிய ஆசான். எந்த முடிவா இருந்தாலும் முதலாளி அங்க போய் உக்காந்துட்டுத்தான் வருவாரு. இன்னிக்குக் காலையிலகூடப் போயிட்டு வந்தோம். வந்ததுல இருந்து மனுஷன் வாயே திறக்கல, முகம் வெளிறிப் போயிருக்கு."

தவீசக் பெட்டியைக் கீழே வைத்தான். உத்தி! எந்த அறையிலும் கிடைக்காத உத்தி கோயில் சந்தில் இருந்ததா? முதலிலேயே தெரிந்திருந்தால் நேரே அங்கே போய்க் கேட்டு எழுதியிருப்பானே!

கோயில் சந்துக்குப் போகிற வழியில் படகுத் துறையைத் தாண்ட வேண்டியிருந்தது. அக்கரையிலிருந்து வந்த படகில் கோணி மூட்டைகள் இறங்கின. மீன் நறுக்கும் கத்திகள். பின்னாலேயே புப்பா இறங்கினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, விரலில் கட்டுப் போட்ட ஒரு பெண்.

"எங்க போறீங்க?" என்றாள் புப்பா.

"இதைச் சரி பண்ண. வீட்டுக்குப் போ, சோம்ஜித்தையும் கூட்டிக்கிட்டுப் போ. சாயங்காலத்துக்குள்ள நல்ல சேதி சொல்றேன்."

சோம்ஜித் அவனைப் பார்த்துக் கைகூப்பினாள். அதை அவனால் தாங்க முடியவில்லை. வேகமாக நடந்தான்.

லமாய் அம்மா மூக்குக்கண்ணாடி போட்ட பருத்த பெண்மணி. ஊதுவத்திப் புகைக்கு நடுவில் உட்கார்ந்து பம்ப்ளிமாஸ் உரித்துக்கொண்டிருந்தாள். சுவரெல்லாம் சிவப்புத் துணியில் எழுதிய மந்திரச் சக்கரங்கள். தவீசக் பூத்தட்டை வைத்துவிட்டு மண்டியிட்டான்.

"என்ன கிழமை பொறந்தீங்க தம்பி?"

"என் கிழமை கிடக்கட்டும் ஆசானே. நான் ஹெங் முதலாளி கம்பெனி. தா சலோமை மூடச் சொன்னது நீங்கதான்னு தெரியும். உங்களைக் குறை சொல்ல வரல. வேற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிடுங்க. என் பொண்டாட்டி அங்கதான் வேலை. அவளுக்குக் கீழ எத்தனையோ பொம்பளைங்க."

அவள் சுளையைத் தட்டில் வைத்தாள்.

"நானா எதையும் சொல்றதில்ல தம்பி. உங்க முதலாளிக்கு வேற ஒரு பெரியவர் இருக்காரு. அவர் சக்கரம் எழுதிக் குடுப்பாரு. உங்க முதலாளி கொண்டு வருவாரு. நான் படிச்சுச் சொல்வேன், அவ்வளவுதான். நாப்பது வருஷமா சக்கரம் படிக்கறேன், இவ்வளவு பட்டவர்த்தனமா எழுதற ஆளை நான் பார்த்ததில்ல."

"யாரு அந்தப் பெரியவர்? எங்க இருக்காரு? சொல்லுங்க, இப்பவே போய் அவர் கால்ல விழறேன்."

"பேரைக் கேட்டா உங்க முதலாளி சிரிச்சே மழுப்பிடறாரு. ஆனா இனிமே போயும் பிரயோஜனம் இல்ல தம்பி. இன்னிக்குக் காலையில கடைசியா ஒண்ணு வந்துச்சு. தா சலோம் மட்டுமில்ல, மொத்தக் கம்பெனியும் போச்சு. இந்தக் கரை, அந்தக் கரை எல்லாத்தையும் மூடிடுங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். வேற என்ன சொல்ல முடியும்?"

"மொத்தமும் மூடவா! அப்படி என்ன எழுதியிருந்துச்சு?"

லமாய் அம்மா பூசை மேடையின் கீழே கை விட்டு, சுருட்டி வைத்திருந்த ஒரு பெரிய தாளைப் பயபக்தியோடு எடுத்து அவன் முன்னால் விரித்தாள்.

"முதல் தாள்ல ஆத்து மேல ரத்தச் சிவப்புல ஒரு வெட்டு போட்டாரு, ரெண்டாவதுல நடுவுல காலிக் கட்டம், மூலையில அறுந்த கோடு, இதுல பாருங்க, ஒரு கோடுகூட இல்ல, ஓரத்துல ஒரு பூஜ்யம் மட்டும்... அந்த மனுஷனுக்கு உங்க மேலெல்லாம் அப்படி என்ன கோபமோ!"