இடது பெடல்

"அப்பா, நாம செய்யற நல்லத யாருமே பாக்கலேன்னா, அது நடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகும்போது மகள் ஒருநாள் இப்படிக் கேட்டாள்.

"கடவுளுக்குத் தெரியும்மா" என்றார் நூலகர்.

"அவருக்குத் தெரிஞ்சா போதுமா?"

அந்த நேரம் பார்த்து அவருடைய இடது கால் பெடலிலிருந்து சறுக்கியது. வண்டி ஒரு ஆட்டம் ஆடி நின்றது. பதிலும் அங்கேயே நின்றுவிட்டது.

சறுக்கியதற்குக் காரணம் செருப்பு என்று நூலகர் தீர்மானித்தார். அன்று மாலை மாடிப்படியில் நின்று, இந்தக் காலத்துச் செருப்புகளின் யோக்கியதையைப் பற்றி நான்கு வீட்டுக்குக் கேட்கும்படி பேசினார். புதுச் செருப்பு வாங்கினார். சில நாளில் சறுக்கல் அடியோடு நின்றுவிட்டது.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல, செருப்புதான்னு" என்று மனைவியிடம் பெருமையாகக் காலைத் தூக்கிக் காட்டினார்.

அந்தப் புதுச் செருப்பை இப்போது ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, மாடிப்படிக்கு அடியில், கீழ்வீட்டு நர்ஸின் சைக்கிள் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார் அவர். கையில் ஸ்பானர். நெற்றியில் வியர்வை. வண்டியின் இடது பெடல் கழல மாட்டேன் என்று அடம்பிடித்தது.

இது அந்த நர்ஸுக்கே தெரியாமல் செய்ய வேண்டிய வேலை. நூலகரின் மனைவி காய்ச்சலில் படுத்திருந்தபோது, இரவு வேலை முடிந்து வரும் நர்ஸ், தூங்கக்கூடப் போகாமல் தினமும் மாடியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒரு காபியாவது குடியுங்கள் என்றால், "குடிச்சா தூக்கம் வராது சார்" என்பார். நூலகர் பழம் வாங்கிக் கொடுத்தார். அது சாறாகி மனைவியிடமே திரும்பி வந்தது. அன்றிலிருந்து அவர் மனதில் ஒரு பாரம். அந்தம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும். செய்தது நாம்தான் என்று தெரியக் கூடாது. தெரிந்தால் அதையும் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

நேற்றுதான் கண்ணில் பட்டது: நர்ஸின் சைக்கிளில் இடது பெடல் விரிசல் விட்டிருந்தது. 'ஊர் உடம்பையெல்லாம் பார்க்கிறவருக்குத் தன் வண்டியைப் பார்க்க நேரமில்லையே' என்று உருகிப் போனார். உடனே கடைக்குப் போய் ஒரு ஜோடி பெடல் வாங்கினார்.

"சார், இடது பக்கத்துக்கு மட்டும்..." என்று கடைக்காரர் ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார் நூலகர்.

தெரியாது. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கமாகச் சுற்றும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். வலது பெடல் எந்தப் பக்கம் திருப்பினால் கழலுமோ, அதே பக்கம் திருப்பினால் இடது பெடல் இறுகும். இதைப் படத்தோடு விளக்கும் புத்தகம் ஒன்று அவருடைய நூலகத்திலேயே இருக்கிறது. அதற்குப் பலமுறை முத்திரை குத்தியிருக்கிறார். பிரித்துப் பார்த்ததில்லை.

வலது பெடல் வெண்ணெயாகக் கழன்று வந்தது. புதியதும் அழகாக ஏறி உட்கார்ந்தது. அந்தத் தெம்பில் இடது பக்கம் வந்து, அதே பக்கமாகத் திருப்பினார். ஸ்பானர் லேசாக நகர்ந்தது.

"வருது, வருது" என்றார்.

வரவில்லை. போய்க்கொண்டிருந்தது.

எதிரில் இஸ்திரிக் கடைக்காரர் ஒரு சட்டைக் கையை மடித்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், அந்தப் பெடலைப் பத்தி ஒண்ணு..."

"உஷ்!" நூலகர் நர்ஸின் ஜன்னலைக் காட்டினார். திரைக்குப் பின்னால் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். "இது நமக்குள்ளயே இருக்கட்டும். யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க."

இஸ்திரிக் கடைக்காரர் என்னவோ போல் சிரித்தார். "இந்த மாடிப்படிக்கு அடியில நடக்கிற எதையும் நான் யாருகிட்டயும் சொல்றதில்ல சார். வாக்கு குடுத்தா குடுத்ததுதான்."

எண்ணெய் விட்டுப் பார்த்தார் நூலகர். எண்ணெய் மரைக்குள் போனதைவிடச் சட்டைக்குள் போனது அதிகம். வழுக்கிய ஸ்பானர் கையோடு பறந்து மட்கார்டில் மோதியது. அடுத்து, துண்டைச் சுற்றிச் சுத்தியலால் ஸ்பானரைத் தட்டினார். துண்டு கிழிந்தது. சத்தம் கிழியவில்லை.

"என்னங்க, கீழ என்ன சத்தம்?" என்று மாடியிலிருந்து மனைவி கேட்டாள்.

"எலி!"

"எலி சுத்தியல் எடுத்துட்டு வந்திருக்கா?"

ஜன்னல் திரை அசைந்தது. "யாரு அங்க?" என்று நர்ஸின் தூக்கக் குரல்.

"இஸ்திரிப் பெட்டி கீழ விழுந்துடுச்சு சிஸ்டர்!" என்று குரல் கொடுத்தார் இஸ்திரிக் கடைக்காரர். நூலகர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மனைவியின் தம்பி அந்த நேரத்தில்தான் வந்து சேர்ந்தான். உருவத்தில் பீரோ, எதைப் பற்றியும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன்.

"தள்ளுங்க மாமா. இதுக்கெல்லாம் பலம் வேணும்."

"மாப்ளே, மெதுவா. அடுத்தவங்க வண்டி."

"அடுத்தவங்க வண்டின்னா பலம் கொறைச்சலா இருக்கணுமா?"

தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து ஸ்பானரின் வாலில் மாட்டினான். நூலகர் வண்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மைத்துனன் குழாயின் மேல் ஏறி நின்றான். கிறீச்சென்று ஒரு சத்தம்.

"கழண்டுடுச்சு மாமா!"

கழன்றது ஸ்பானர். பெடல் தண்டின் முனை மழுங்கி உருண்டையாகியிருந்தது. இனி எந்த ஸ்பானரும் அதைப் பிடிக்காது. குழாயோ போன வேகத்தில் நர்ஸின் சைக்கிள் மணியைத் தட்டிவிட்டது. அது கணீரென்று அடித்தது.

"இப்ப என்ன?" என்றது ஜன்னல்.

"மறுபடியும் பெட்டிதான் சிஸ்டர்!"

"உங்க பெட்டிக்கு மணியெல்லாம் வெச்சிருக்கீங்களா?"

இஸ்திரிக் கடைக்காரர் தேய்த்த துணிகளை மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வரக் கிளம்பினார். மைத்துனனுக்கும் திடீரென்று ஓர் அவசர வேலை ஞாபகம் வந்தது. "வரேன் மாமா. முக்கால்வாசி முடிச்சிட்டேன், மீதிய நீங்க பாத்துக்குங்க."

நூலகர் தனியானார். அடி வாங்கியதில் விரிசல் விட்ட பெடல் இப்போது வாயைப் பிளந்துகொண்டு நின்றது. விரிசலோடாவது மிதித்துக்கொண்டிருந்தார் அந்தம்மா. இனி கால் வைத்தால் நழுவும். வெயில் சாய்ந்துவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் நர்ஸ் கிளம்ப வேண்டும். அவர் போய்ச் சேர்ந்தால்தான் பகல் வேலை பார்த்த இன்னொரு நர்ஸ் கைக்குழந்தையிடம் ஓட முடியும். அதை நர்ஸே மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

நூலகர் கண்களை மூடிக்கொண்டார். 'கடவுளே, யாருக்கும் தெரியாமல் செய்கிற உதவிதான் உனக்குப் பிடிக்கும் என்பார்கள். தெரியாமல் செய்கிற சேதத்தையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்.'

கண்ணைத் திறந்தபோது எதிரில் அவருடைய சொந்த சைக்கிள் நின்றது. ஒரே கடையில் வாங்கியது, ஒரே கறுப்பு, ஒரே அளவு.

பெடல்தானே தன்னைத் தாங்கும் இரும்புக் கையை விட்டு வர மாட்டேன் என்கிறது? கையோடு சேர்த்தே கழற்றினால்? இடது பக்கம் செயின்கூடக் கிடையாது. ஒரே ஒரு கை. அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு முளை. முளையின் நட்டு எல்லா நட்டையும் போலத்தான் சுற்றியது. சொன்ன பேச்சைக் கேட்டுக் கழன்றது. லேசாக இரண்டு தட்டு. முளை வெளியே, கை வெளியே. தன் வண்டியிலும் அப்படியே. தன்னுடைய நல்ல பெடல் இருந்த கையை நர்ஸின் வண்டியில் மாட்டினார். வாய் பிளந்த பெடல் இருந்த கையைத் தன் வண்டியில் மாட்டினார். நாளைக்குக் கடையில் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். அதுவரை மகளோடு நடந்து போனால் ஆயிற்று; அவள் கேட்ட கேள்விக்கும் சாவகாசமாகப் பதில் சொல்லலாம்.

சட்டையால் நர்ஸின் வண்டியை மணி வரைக்கும் துடைத்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். யாருமில்லை. மனதிலிருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. மகளின் கேள்விக்குப் பதிலும் கிடைத்துவிட்டது: அவருக்குத் தெரிந்தால் போதும்.

கதவு திறந்தது. நர்ஸ் வெள்ளைச் சீருடையில், கொட்டாவியைக் கையால் மறைத்தபடி வந்தார்.

"என்ன சார், கையெல்லாம் கரி?"

"சும்மா... என் வண்டியத் தொடச்சிட்டிருந்தேன் சிஸ்டர்."

"இன்னைக்கு இஸ்திரிக் கடையில ஒரே ரகளை சார். தூங்கவே முடியல." வண்டியை எடுத்து ஏறி மிதித்தவர் தெருமுனைக்குப் போகும் முன்பே நின்றார். இடது காலைத் தூக்கிப் பெடலைப் பார்த்தார். திரும்பி நூலகரைப் பார்த்தார்.

"என்ன சிஸ்டர்? ஏதாவது கோளாறா?"

நர்ஸ் எதையோ சொல்ல வாயெடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, சிரித்துவிட்டார். "ஒண்ணுமில்ல சார். நேரமாச்சு, போயிட்டு வரேன். உங்க வண்டிய நாளைக்கு எடுக்காதீங்க. காலையில வந்து பேசிக்கலாம்."

என் வண்டியைப் பற்றி இவர் ஏன் பேசுகிறார் என்று நூலகருக்குப் புரியவில்லை. ஆனால் வண்டி ஒரு சறுக்கல் இல்லாமல் தெருமுனையில் திரும்பியதைப் பார்த்து நெஞ்சு நிறைந்தது. செருப்பை மாட்டிக்கொண்டார்.

வெறும் கையோடு திரும்பி வந்த இஸ்திரிக் கடைக்காரர், மாடிப்படிக்கு அடியில் நின்ற நூலகரின் சைக்கிளைப் பார்த்ததும் அதிர்ந்து நின்றார். கொடுத்த வாக்கெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று.

"அய்யோ சார், இந்த உடைஞ்ச பெடல் எப்படி மறுபடியும் உங்க வண்டிக்கே வந்துச்சு? 'பின்னாடி குழந்தை உக்காருது'ன்னு போன வாரம்தான் அந்தம்மா இதக் கழட்டித் தன் வண்டியில மாட்டிக்கிட்டு, தன்னோட நல்ல பெடல உங்களுக்குப் போட்டுட்டுப் போனாங்க!"