கைட் வேண்டாமெண்ட கவர்

வேட்டைக்கு வழிகாட்டுற கைட் ரொன், அத்தான்ர கவரைத் திருப்பி நீட்டுறார். அத்தான் அதை வாங்கி ரொன்னின்ர பொக்கற்றுக்குள்ளயே திணிக்கிறார். ரெண்டு பேரின்ர தோளிலயும் துவக்கு வேற!

கொஞ்சம் தள்ளி மானொண்டு நிண்டு உந்தக் கூத்தை வேடிக்கை பாக்குது.

நான் ஏன் அங்க நிண்டனான்? பள்ளிக்கூடத்தை விட்டிட்டு மார்க்கம் ரவுணில அக்கா வீட்டுச் சோபாவில கிடந்ததால. அத்தானுக்கு இங்கிலிஸ் மட்டுமட்டு. "மொழிபெயர்க்கவாவது போய்த் துலை" எண்டு அக்கா ஏத்தி அனுப்பிவிட்டா.

இந்த வேட்டைப் பயணமே அத்தான்ர முதலாளி கட்டின காசில. கைட் அவற்ற பழைய கூட்டாளி. "அவனை நல்லாக் கவனி" எண்டு மட்டும்தான் முதலாளி அத்தானிட்டச் சொன்னவர். அத்தானுக்கோ போர்மன் பதவி உயர்வில கண். கவனிக்காமல் விடுவாரோ?

அக்கா தந்தது கலியாணக் கவர். முன்னுக்குக் குத்துவிளக்குப் படம். உள்ளுக்கு நூறு டொலர், மேல ஒரு டொலர் குத்திக்காசு.

"அத்தான், ரிப் எண்டு சந்தோசக்காசு கடைசி நாள்தானே குடுக்கிறது?"

"உனக்கென்னடா தெரியும்? ஊரில கந்தோருக்குப் போனால், முதல் குடுத்தால்தான் பைல் நகரும்."

காட்டுக்குள்ள கால் வைக்கமுன்னமே நீட்டிப்போட்டார்!

ரொன்னின்ர முகம் சிவந்துபோச்சு. "பெர்மிட் ஒரு மானுக்குத்தான். ரெண்டாவது சுட விடமாட்டன்."

"என்னடா சொல்லுறார்?"

"லஞ்சம் எண்டு நினைக்கிறார். வேண்டாமாம்."

"மரியாதைக்கு வேண்டாமெண்டுதான் சொல்லுவினமடா. கலியாண வீட்டில நீ பாக்கிறேல்லையே?"

அப்ப தொடங்கினதுதான் உந்தத் திணிப்பு. மூண்டாந்தரம் ரொன் கத்தின கத்தில மான் பறந்துபோச்சு. அதுக்குப் பிறகு எங்களுக்கு முன்னால வந்ததெல்லாம் அணில்தான்.

நாங்கள் தங்கின காம்பில சமைக்கிற லிண்டாவிட்ட நடந்ததைச் சொன்னன். விழுந்து விழுந்து சிரிச்சா.

"போற அண்டைக்கு, தனியக் கூப்பிட்டு, கையில குடுக்கவேணும். ஆனா மான் கிடைக்காட்டி ரொன் வெக்கத்தில வேண்டாமெண்டுவான். விடாதேங்கோ. சமைக்கிறவைக்கும் குடுக்கிறது வழமை," எண்டா.

மான் கிடைக்கவே இல்லை.

கடைசி நாள் லிண்டாவுக்கு அத்தானே குடுத்தார். அவ ஒருதரமும் வேண்டாமெண்டு சொல்லேல்லை.

ரொன்னின்ர முகத்தைப் பாக்க மட்டும் அத்தானுக்கு வெக்கம். காரை ஸ்ராட் பண்ணி வைச்சுக்கொண்டு கவரை என்னட்டத் தந்தார்.

"என்ன சொன்னாலும் கேளாதை. பொக்கற்றுக்குள்ள திணிச்சுப்போட்டு ஓடியா."

போய் நீட்டினன். ரொன் முதல்தரமாச் சிரிச்சார். "மான்தான் கிடைக்கேல்லையே. வேண்டாம், நீயே வைச்சிரு."

வீட்டை நெருங்கி, மில்லிக்கன் கிட்ட வரேக்கதான் அத்தான் கேட்டார்.

"குடுத்திட்டியோ?"

"வேண்டாமெண்டவர்."

கார் அப்பிடியே ஓரத்தில நிண்டுது.

"வேண்டாமெண்டவரோ! திங்கக்கிழமை முதலாளி, 'கவனிச்சனியோ' எண்டு கேட்டால் நான் எந்த முகத்தை வைச்சுக்கொண்டு நிக்கிறது? திணிச்சுப்போட்டு ஓடியா எண்டெல்லே சொன்னனான்!"

"ஓடித்தானே வந்தனான்?"

திணிக்கிறதை மட்டும்தான் விட்டிட்டன்.