வாத்தியும் நான் போகாத மொண்டெல்லோவும்

வெளிக்கிட்டுப் போகிறவனை மறித்து 'எங்கை போறாய்?' என்று கேட்டால் போன காரியம் உருப்படாது. இதை இன்றும் நம்புகிறேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் விஷயத்தில் அது ஒரு தடவை அச்சொட்டாகப் பலித்தது. பலிக்க வைத்தவனும் நானேதான்.

தொண்ணூறுகளின் நடுவில் இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒரு சிஞ்ஞோரா (அம்மணி) வீட்டில் எனக்குச் சமையல், துப்புரவு, நாயை உலாத்தக் கூட்டிப்போகிற வேலை. கீழ்மாடி வீட்டுக்கு இந்தோனேசியாவிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தாள். பெயர் வாத்தி. (பெயருக்கேற்ற மாதிரிக் கேள்வியும் கேட்டாள்.) காலையில் படியிறங்கினால், "தோவே வாய்?" என்பாள் சிரித்தபடி. எங்கே போகிறாய் என்று அர்த்தம். பின்னேரம் திரும்பினால், "எங்கேயிருந்து வருகிறாய்?" பொழுதுபட்ட பிறகு கண்டால், "குளித்துவிட்டாயா?" இந்த மூன்றாவது கேள்விக்காக நான் கக்கத்தை மோந்து பார்த்ததுண்டு. முதலிரண்டுக்கும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு நழுவுவேன். போகிற இடமும் வருகிற இடமும் விசாரிக்கிற ஆட்களுக்குப் பயந்துதானே நாங்கள் நாட்டை விட்டே ஓடி வந்தோம்.

என் கூட்டாளி, மன்னார் அன்ரன் அண்ணையிடம் சொன்னேன். கபோ சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றவர், கையில் கணவாயோடு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அவள் சும்மா கேக்கேல்லை. ஆரோ கேக்கச் சொல்லியிருக்கினம்."

"ஆர் அண்ணை?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இஞ்சை நிண்டு கணவாய் வாங்கிறன்?"

இந்தப் பதிலில் ஒரு அர்த்தமும் இல்லை என்பது இப்போது விளங்குகிறது. அன்றைக்கு அதுவே பெரிய ஆதாரமாக இருந்தது.

பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்கிற நாள் வந்தது. அது கையில் கிடைத்தால்தான் கொழும்பு லொட்ஜில் காத்திருக்கிற மனைவி ரஞ்சியைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம். கல்யாணமாகிப் பத்தாம் நாள் அவளை விட்டுவிட்டு வந்தவன் நான். கடவுச்சீட்டு, வேலைக் கடிதம், படங்கள் எல்லாவற்றையும் ஒரு நீலக் கோப்பில் வைத்துக்கொண்டு பூனை மாதிரிப் படியிறங்கினேன். வாசலில் வாத்தி.

"தோவே வாய்?"

பொலிஸ் கந்தோருக்கு என்றா சொல்வேன்? "மொண்டெல்லோ. கடல் பார்க்க," என்றேன். (கோடையில் ஆட்கள் குளிக்கப் போகிற கடற்கரை அது. இதுவோ தை மாதம். வெளியில் மழை இருட்டிக்கொண்டு நிற்கிறது.)

சகுனப் பிழைக்குப் பரிகாரம் உண்டு. திரும்பி வந்து, சற்று இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாக வெளிக்கிட வேண்டும். அவள் உள்ளே போனதும் கோப்பைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியில் குந்தியிருந்து போத்தல் தண்ணீரைக் குடித்தேன். பிறகு வலது காலை முன்வைத்து இறங்கினேன். போத்தலை மறக்காமல் எடுத்துக்கொண்டேன்.

குவெஸ்தூரா என்கிற அந்தப் பொலிஸ் கந்தோரில் அதிகாரி யன்னலுக்கு வெளியே கை நீட்டி ஆவணங்களைக் கேட்டபோது நான் கொடுத்தது அந்தப் போத்தலைத்தான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாகரிகமான மனிதர். போத்தலை என்னிடமே தந்துவிட்டு, மூன்று மாதம் தள்ளி வேறொரு திகதி எழுதித் தந்தார்.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தால், படியில் கோப்பும் இல்லை, வீட்டில் வாத்தியும் இல்லை. இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்? அவளுடைய சிஞ்ஞோராவின் மணியை அடித்து, "உங்கள் வேலைக்காரி உளவாளி! என் கடவுச்சீட்டோடு ஓடிவிட்டாள்!" என்று எனக்குத் தெரிந்த அத்தனை இத்தாலியனையும் கொட்டினேன். மாடிக்கு மாடி கதவுகள் திறந்தன.

இரண்டு மணிபோல வாத்தி வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. சப்பாத்தெல்லாம் கடல் மண். மழைக்கோட்டைத் தான் போடாமல் அதைக் கோப்பில் சுற்றியிருந்தாள். கோப்பில் ஒரு பொட்டு ஈரமில்லை.

"படியில் இதைக் கண்டேன். மொண்டெல்லோ முழுக்க உன்னைத் தேடினேன்," என்றாள் உடைந்த இத்தாலியனில். "இந்த மழையில் தனியாகக் கடல் பார்க்கப் போகிறவனுக்கு என்ன கவலையோ என்று பயந்துபோனேன். சாப்பிட்டாயா?"

படியில் நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அத்தனை பேருக்கும் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவர்கள் ஊரில் "மாவ் க மானா?", எங்கே போகிறாய், என்பது வெறும் வணக்கம்தானாம். "ஜாலான் ஜாலான்", சும்மா உலாத்த, என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டியதுதான். உண்மையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. மழுப்புவதற்கென்றே அந்த மொழியில் ஒரு மரியாதையான சொல் தயாராக இருந்திருக்கிறது. நான்தான் மினக்கெட்டு, பஸ் ஏறிப் போய்த் தேடக்கூடிய பொய்யாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்.

ரஞ்சி மூன்று மாதம் பிந்தித்தான் வந்து சேர்ந்தாள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் யாராவது "இத்தாலிக்கு எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டால் போதும்.

"மூண்டு மாசம் முந்தியே வந்திருப்பன். இவர் கடல் பாக்கப் போயிட்டார்," என்பாள்.

கேட்டவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். திருத்தப் போனால், எனக்காக மழையில் நனைந்தவளை உளவாளி என்று கத்தியதையும் சொல்ல வேண்டிவரும். அதனால் தலையை ஆட்டி, "ஓம், நல்ல கடல்," என்று சொல்லிவிடுவேன்.