ஒன்பது விரல்கள் நலம்

மதிப்பிற்குரிய பெரியண்ணனுக்குத் தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் இங்கு உங்கள் மாப்பிள்ளை நலம், என் ஒன்பது விரல்களும் நலம். பத்தாவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஓய்வு பெற்றதிலிருந்து இவர் பழைய நகை சேர்க்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு வாங்கித் தருகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். நகையெல்லாம் வெல்வெட்டில் தூங்குகிறது, எங்கள் மெத்தையில் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்கிறது. புது நகையில் பளபளப்புதான் உண்டாம், பழைய நகையில் ஆள் உண்டாம். எந்திரம் வருமுன் எவனோ கண்ணைச் சுருக்கிக்கொண்டு கையால் பட்டை தீட்டிய கல், எவளோ சண்டை போட்டுக் கழற்றி எறிந்த மோதிரம் என்று சாப்பாட்டு மேசையில் சொற்பொழிவு நடக்கும். போன வாரம் வந்த மோதிரத்தை வீட்டுக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவதென்று எனக்குக் குழப்பம். போட்டுக்கொள்கிற பொருளென்றால் துணிமணியில் சேரும், இல்லையென்றால் தட்டுமுட்டுச் சாமானில். சரி, போட்டுத்தான் பார்ப்போமே என்று போட்டேன். ஏறியது, இறங்கவில்லை.

சோப்பு, எண்ணெய், நூல், பிரார்த்தனை எல்லாம் முடிந்து டாக்டரிடம் போனோம். அவர் குட்டி ரம்பம் ஒன்றை எடுத்து, "மோதிரத்தை வெட்டிடலாம்மா, ரெண்டு நிமிஷ வேலை" என்றார். இவர் எழுந்தே நின்றுவிட்டார். "டாக்டர், அது இருநூறு வருஷத்துப் பொருள்."

"அப்ப விரலை வெட்டவா?"

டாக்டர் விளையாட்டுக்குத்தான் கேட்டார். அண்ணா, இவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. யோசித்தார். அந்த யோசனையைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் இரண்டையும் வெட்டாமல் வீடு திரும்பினோம். அன்றிலிருந்து நான் பெண்டாட்டி இல்லை, நகைப்பெட்டி. பாத்திரம் தேய்க்கக் கூடாது, துணி பிழியக் கூடாது, கல்லுக்கு ஆகாதாம். எல்லாம் இவரே செய்கிறார். தெருவில் யார் மீதாவது இடித்துவிடப் போகிறது என்று கையைப் பிடித்துக்கொண்டே வருகிறார். கல்யாணமான நாள்முதல் எனக்குப் பத்தடி முன்னால் நடந்த மனிதர். எதிர்வீட்டு டீச்சர், "இந்த வயசுல என்னக்கா இது" என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பழைய நகை சேர்ப்போர் சங்கத்தின் கண்காட்சி. மோதிரம் போக வேண்டுமென்றால் நானும் போக வேண்டுமே. மேசைக்குப் பின்னால் உட்காரவைத்து, கையைத் தலையணை மேல் வைத்து, "மோதிரம்: இருநூறு ஆண்டுப் பழமை. பெண்மணி பிற்காலத்தவர்" என்று அட்டை எழுதி நிறுத்தினார். நான் மனதுக்குள் ஜபம் செய்துகொண்டிருந்தேன். சங்கத் தலைவர் பூதக்கண்ணாடியோடு வந்து, வேலைப்பாடு அருமை, கொஞ்சம் வீக்கம் இருக்கிறது, பரவாயில்லை என்றார். விலைக்கும் கேட்டார். எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று இவர் கேட்டதற்கு அந்த மனிதர் சொல்கிறார்: "மோதிரம் கழலுற வரைக்கும் அம்மா எங்க வீட்லயே இருக்கட்டும். என் வீட்டுக்காரிக்கும் பேச்சுத்துணை ஆச்சு."

இவர் மறுபடியும் யோசித்தார். பிறகு, "இது விக்கிறதுக்கு இல்லீங்க" என்றார். எதைச் சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆகையால் அண்ணா, வெள்ளிக்கிழமைக்குள் நல்ல அரம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து என்னை மீட்டுப்போக வேண்டியது. அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் வீட்டில் எல்லோருடைய விரல்களையும் ஆண்டவன் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
கண்காட்சியிலிருந்து திரும்பிய தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் சாமி கும்பிடப் போனேன். கை கூப்பியதும் மோதிரம் தானாகக் கழன்று மடியில் விழுந்தது. சமையலறையில் இவர் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டேன். விஷயம் ஆண்டவனுக்கு மட்டும்தான் தெரியும், அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். நீங்களும் சொல்ல வேண்டாம், வரவும் வேண்டாம்.