சிவப்பு ரிப்பன் கட்டிய கூடை

கூடையைத் திறக்காமலே நோயைச் சொல்கிறார்! ஊசி இல்லை, மருந்து இல்லை, ஒரு வாய்ப் பாலில் குணமாக்குகிறார்! நாய்க்குச் சொறியா, கிளிக்குச் சோகமா, பூனைக்கு ரத்தக் கேடா, எல்லாம் அவர் கண்ணை மூடினால் போதும்!

முடிதிருத்தும் கடையில் இதே பேச்சு. பேருந்து நிறுத்தத்தில் இதே பேச்சு. மூடிப்போன மெத்தைக் கடையின் மாடியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். 'ஸ்பரிச ஞானி' என்று பலகை மாட்டினார். மறுவாரமே மாடிப்படியில் கால்வைக்க இடமில்லை. கூடை, கூண்டு, அட்டைப்பெட்டி என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் முட்டி மோதினார்கள். ஒருவர் மீன்தொட்டியையே சுமந்து வந்து பாதித் தண்ணீரைப் படியில் ஊற்றி, பின்னால் வந்த மூவரை வழுக்கி விழ வைத்தார். எதையும் தொடாமல் வைத்தியம் பார்க்கிறவருக்கு ஸ்பரிச ஞானி என்று ஏன் பெயர் என ஒருவரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர்கள் அந்தப் படியில் ஏறவில்லை.

ஏறுவதில்லை என்று இருந்தவர்களில் ஒருவர் முத்திரையார். கடைத்தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதனால் வந்த பட்டப்பெயர். வேலையில் இருந்த காலமெல்லாம் கடைக்காரர்கள் நீட்டிய தேநீரைக்கூடத் தொடாதவர். இன்றைக்கும் முதுகை வளைக்காமல்தான் நாற்காலியில் உட்காருவார். "எங்க குடும்பத்துல" என்று அவர் ஆரம்பித்தால், அந்த வாக்கியம் எங்கே முடியும் என்று வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்.

வீட்டில் ஒரு பூனை ஏற்கெனவே உண்டு. நாள் முழுக்க மெத்தையில் படுத்துக்கொண்டு மற்றவர்கள் வேலை செய்வதை மேற்பார்வை பார்ப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். இரண்டாவதாக வந்ததுதான் குட்டி. பக்கத்து வீட்டுக் காரின் எஞ்சினுக்குள் சிக்கிக் கத்திக்கொண்டிருந்ததை முத்திரையாரின் மனைவி கைவிட்டு எடுத்தார். உள்ளங்கை அளவு உருவம். அதில் பாதி கிரீஸ். பொடியன் என்று பெயர் வைத்தார்.

"எங்க குடும்பத்துல ரெண்டாவது பூனைங்கிற பேச்சே கிடையாது" என்றார் முத்திரையார். சொல்லும்போதே குட்டி அவருடைய சட்டைக் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

கால்நடை மருத்துவர் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சிறிய பிளாஸ்டிக் பட்டையில் விட்டார். புள்ளி ஒன்று நீலமாக எழுந்தது.

"பூனை லுக்கேமியா வைரஸ். பாசிட்டிவ்" என்றார் அந்தப் பெண்மணி.

முத்திரையாருக்கு முகம் சிவந்தது. "எங்க குடும்பத்துல யாருக்கும் இந்த மாதிரி வியாதி வந்ததில்லையே டாக்டர்."

"குட்டி உங்க குடும்பத்துல நேத்துதானே சார் சேர்ந்துச்சு?"

பிறகு மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இது மனிதருக்கு ஒட்டாது. பூனைக்குப் பூனை ஒட்டும், முக்கியமாக எச்சிலில். வைரஸை அழிக்க மருந்து இல்லை. ஆனால் சில குட்டிகளின் உடம்பே அதை அடக்கிவிடும்; கொஞ்ச காலம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். அடங்காவிட்டாலும் நல்ல சாப்பாடு, வீட்டுக்குள்ளேயே வளர்ப்பு, சின்னக் காய்ச்சலுக்கும் உடனே வைத்தியம் என்று இருந்தால் சில வருஷம் சந்தோஷமாக இருக்கலாம். மேனேஜரைச் சோதித்ததில் நோய் இல்லை. அவருக்குத் தடுப்பூசி போடப்பட்டது. "ஊசியை மட்டும் நம்பாதீங்க. ரெண்டு பேரையும் தனித்தனியா வைங்க. ஒரு கிண்ணத்துல வாய் வைக்கவே கூடாது."

முத்திரையார் வீட்டுக்கு வந்ததும் கிண்ணங்களைப் பிரித்தார். பொடியனுடையதில் சிவப்பு பெயிண்டால் வட்டம் போட்டார். பின்னறையைக் குட்டிக்கு ஒதுக்கினார். மணல் தட்டைக் கழுவுவது தன் வேலை என்று அறிவித்தார். யாராவது பார்த்துவிட்டால் கௌரவக் குறைவு என்று கதவைச் சாத்திக்கொண்டு கழுவினார்.

மனைவிக்குத்தான் மனம் ஆறவில்லை. மருத்துவர் 'ஒருவேளை' என்றார், 'பார்க்கலாம்' என்றார். அழுகிற மனசுக்கு அது போதாது. மெத்தைக் கடை மாடியில் 'நிச்சயம்' கிடைப்பதாக எதிர்வீட்டுக்காரி சொன்னார். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பொடியனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு வந்தார்.

"என்னங்க, அவரு கூடையைத் திறக்கவே இல்லைங்க. ரத்தத்துல கேடுன்னு அப்படியே சொல்லிட்டாரு! எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது."

"கூச்செறியும். அப்புறம்?"

"அடுத்த தடவை வீட்டுல இருக்கிற எல்லாப் பூனையையும் கொண்டுவரணுமாம். அமுதக் கிண்ணத்துல பால் வைப்பாரு. எல்லாம் சேர்ந்து நக்கணும். அப்பத்தான் ரத்தம் சமமாகுமாம்."

முத்திரையார் நிமிர்ந்தார். "மேனேஜரும் அதே கிண்ணத்துலயா? டாக்டர் என்ன சொன்னாங்க?"

"டாக்டருக்கு நோய் தெரியும். அதோட காரணம் தெரியுமா?" மனைவி சற்றுத் தயங்கினார். "காரணம்கூடச் சொன்னாருங்க. நீங்க கோபப்படக் கூடாது."

"சொல்லு."

"இந்த வீட்டுல தப்பு எடை போட்ட கை ஒண்ணு இருக்காம். அந்தப் பாவம்தான் குட்டியோட ரத்தத்துல இறங்கியிருக்காம்."

மேனேஜர்கூடக் காதைத் திருப்பினார்.

"வரிசையில நிக்கும்போது யார்கிட்டயாவது என் வேலையைப் பத்திப் பேசினியா?"

"வாசல்ல கூடைக்கு ரிப்பன் கட்டற அம்மா விசாரிச்சாங்க. பாவம், ரொம்ப அன்பா பேசினாங்க. அதுக்கும் இதுக்கும் என்னங்க?"

"ஒண்ணும் இல்லை" என்றார் முத்திரையார். "நாளைக்கு நானும் வர்றேன். நீ மேனேஜரைத் தூக்கிக்கோ. இன்னொரு கூடையை நான் தூக்கிட்டு வர்றேன்."

மனைவிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. மலை இறங்கி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மாடியில் வழக்கம்போல் கூட்டம். கூடைகள் எல்லாம் கறுப்புத் துணி போர்த்தியிருந்தன. ஞானி நோயைச் சொல்லும் முன் திறந்தால் சக்தி சிதறிவிடும் என்பது சட்டம். வாசலில் ரிப்பன் கட்டும் அம்மாள். "வாங்கம்மா, உங்க செல்லத்துக்கு என்னம்மா கஷ்டம்?" என்று ஒவ்வொருவரிடமும் உருகினாள். கதையைக் கேட்டு முடித்து, கூடையின் கைப்பிடியில் ஒரு ரிப்பன் கட்டினாள். அலங்காரத்துக்குத்தானாம். சொறிக்கு மஞ்சள், வயிற்றுக் கோளாறுக்குப் பச்சை, ரத்தத்துக்குச் சிவப்பு. அலங்காரம் இவ்வளவு ஒழுங்காக இருந்து முத்திரையார் பார்த்ததில்லை. கட்டி முடித்ததும், ஞானிக்கு ஒரு தம்ளர் வெந்நீர் எடுத்துக்கொண்டு உள்ளே போய், காதோரம் குனிந்து பணிவாகக் கொடுத்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு கூடைக்கும் ஒரு தம்ளர். ஞானத்தைவிட அந்த மனிதருடைய வயிற்றின் கொள்ளளவுதான் அதிசயம்.

கூடத்தின் நடுவே ஒரு வெள்ளிக் கிண்ணம். பால். அதில் கண்ணில் பீளை தள்ளிய பூனை ஒன்று நக்கியது. அடுத்து வாயில் புண்ணோடு ஒன்று. பிறகு கொழுகொழுவென்று நோயே தெரியாத ஒன்று. நக்கி முடித்த பூனைகளின் சொந்தக்காரர்கள் ஞானியின் காலடியில் உறையை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மனைவி கையிலிருந்த மேனேஜரின் கூடை ஒவ்வொரு அடியாக அந்தக் கிண்ணத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"நான் முதல்ல போறேன்" என்று அவர் மனைவியைத் தாண்டி முன்னே போனார். சிவப்பு ரிப்பன் கட்டிய கூடையை ஞானியின் முன் வைத்தார். கொஞ்சம் கனமாகத்தான் உட்கார்ந்தது.

ஞானி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். உள்ளங்கையைக் கூடைக்கு மேலே சுழற்றினார்.

"ரத்தம்... ரத்தம் வெளுத்துக்கிட்டு வருது."

கூட்டம் உச்சுக் கொட்டியது.

"பசி இல்லை. மூச்சு வாங்குது. நாளுக்கு நாள் எடை குறைஞ்சுக்கிட்டே வருது."

"எடை குறையுதா?" என்றார் முத்திரையார்.

"குறையுது பெரியவரே."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. எவ்வளவு?"

"பாதியாயிடுச்சு! போன தடவையே உங்க வீட்டம்மாகிட்ட சொன்னேன். தப்பு எடை போட்ட கையோட பாவம், பச்சைப் பிள்ளையைத் தின்னுது."

முத்திரையார் துணியை எடுத்தார். "ஐயோ, சக்தி!" என்று யாரோ அலறினார்கள். அவர் கூடைக்குள் கைவிட்டு, கம்பளி மஃப்ளரில் சுற்றியிருந்ததைப் பிரித்து, ஞானியின் மேசைமேல் நங்கென்று வைத்தார்.

இரும்பு எடைக்கல்.

"ரெண்டு கிலோ. இதோ முத்திரை. நான் பதவியில இருந்த நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு கிராம் குறைஞ்சதில்லை. பாதி காணோம்னு சொல்ற முதல் ஆள் நீங்கதான். தராசு கொண்டாரச் சொல்லட்டுமா?"

சோகத்துக்கு வைத்தியம் பார்க்க வந்திருந்த கிளிதான் முதலில் சிரித்தது. அப்புறம் மீன்தொட்டிக்காரர். அப்புறம் பாதிக் கூட்டம்.

ஆனால் ஞானி லேசுப்பட்டவரா? எழுந்து நின்றார். "சந்தேகப்படறவன் முன்னால சக்தி நிக்காது! இரும்புக்குள்ளயும் ஒரு ஜீவன் இருக்கு. அதோட வேதனையைத்தான் நான் சொன்னேன்!"

சிரிக்காத மீதிப் பாதி பக்தியோடு தலையாட்டியது. இரும்புக்கும் ரத்தம் உண்டு என்றால் உண்டு! நம்புவது என்று தீர்மானித்துவிட்டவர்களுக்கு எடைக்கல் என்ன, ரயில் எஞ்சினையே கொண்டுவந்து வைத்தாலும் அதற்கும் காய்ச்சல் பார்ப்பார்கள்.

முத்திரையார் வாயைத் திறப்பதற்குள் மனைவி முன்னே வந்தார். அவர் பார்வை கணவர் மேல் இல்லை. கூடையின் ரிப்பன் மேல் இருந்தது. பிறகு அடுத்த கூடை. அதற்கடுத்தது. சட்டென்று குனிந்து வரிசையாக எல்லா ரிப்பன்களையும் அவிழ்த்தார். ரிப்பன் கட்டும் அம்மாள், "ஏம்மா, என்னம்மா பண்றே?" என்று ஓடிவந்தாள். மனைவி அவளுடைய தம்ளரையும் வாங்கிக்கொண்டார்.

"சாமிக்குத் தாகம் எடுத்தா நானே வெந்நீர் தர்றேன். நீங்க இங்கயே நில்லுங்க." ஞானியிடம் திரும்பினார். "இப்பச் சொல்லுங்க சாமி. நான் சந்தேகப்படலை. முழு நம்பிக்கையோட கேட்கிறேன். இந்தக் கூடையில என்ன?"

அது வரிசையில் நின்ற ஒரு ரொட்டிக்கடைக்காரருடைய கூடை. ஞானி கண்ணை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். கைப்பிடியைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"நாய்க்குட்டி" என்றார். "சொறி."

ரொட்டிக்கடைக்காரர் துணியை விலக்கினார். கோழி ஒன்று தலையை நீட்டி, ஞானியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டது.

இந்தமுறை எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "என் பூனைக்குட்டிக்கு இதே ரத்த நோய் இருந்துச்சே, இந்தப் பாலைக் குடிச்சப்புறம்தானே போச்சு?" என்றார்.

"சில குட்டிங்களுக்கு உடம்பே அதை அடக்கிடும்னு டாக்டர் சொல்றாங்க" என்றார் முத்திரையார். "அடங்கினா இவரு சக்தி. அடங்காம செத்துப்போனா உங்க நம்பிக்கை குறைவு. எப்பவும் ஒரு பக்கமே சாயற இந்த மாதிரித் தராசு எங்க ஆபீசுக்கு வந்திருந்தா அங்கேயே சுத்தியலால உடைச்சுப் போட்டிருப்போம். இன்னொண்ணும் கேளுங்க. அந்த நோய் எச்சில்லதான் ஒட்டுது. இத்தனை பூனையும் நக்கினது ஒரே கிண்ணம். இவரு நோயைத் தீர்க்கலை. பரிமாறியிருக்காரு!"

அந்தச் சொல்லுக்கப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஆளாளுக்குத் தன் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். மீன்தொட்டிக்காரர் அமுதக் கிண்ணத்தை எடுத்துச் சன்னல் வழியாகக் கவிழ்த்தார்.

ஞானி பின்படியை நோக்கி நகர்ந்தார். முத்திரையார் வழியை மறித்தார்.

"போறதுக்கு முன்னால ஒரு வார்த்தை. எங்க குடும்பத்துல தப்பு எடை போட்ட கை எது?"

"எ... எதுவும் இல்லைங்க."

"சத்தமா."

"எதுவும் இல்லைங்க ஐயா! தெரியாம சொல்லிட்டேன்!"

"இப்பப் போகலாம்."

ஞானி போனார். ரிப்பன்காரி அதற்கு முன்பே போயிருந்தாள். ரொட்டிக்கடைக்காரரும் இன்னும் சிலரும் தங்கள் பிராணிகளோடு நேராகக் கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்பினார்கள். சிலர் மட்டும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள், ஞானி திரும்பி வந்தாலும் வருவார் என்று.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி கேட்டார்: "பொடியன் எங்கங்க?"

"பின்னறையில தூங்கறான்."

"அப்ப என்னை ஏமாத்தித்தான் கூட்டிட்டுப் போனீங்க. உங்க குடும்பத்துல யாரும் பொய் சொன்னதில்லைன்னு பெருமை பேசுவீங்களே?"

"நான் எங்க பொய் சொன்னேன்? ஒரு கூடையைத் தூக்கிட்டு வர்றேன்னேன். தூக்கிட்டு வந்தேன்."

"ரிப்பனை அவிழ்த்தது யாரு?"

"நீதான்" என்று முத்திரையார் ஒப்புக்கொண்டார். "எங்க குடும்பத்துல பொம்பளைங்க எப்பவும்..."

"போதும், நடங்க" என்றார் மனைவி. கூடைக்குள்ளிருந்து மேனேஜர் அதை ஆமோதித்தார்.

பொடியனுக்கு மறுபடி சோதனை செய்தார்கள். நீலப் புள்ளி மறுபடியும் எழுந்தது. மனைவி அழுதார். மருத்துவர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார், பொய் கொடுக்கவில்லை. மேனேஜருக்கு இன்னும் நோய் இல்லை என்பதையும் சொன்னார். அன்றைக்கே வீட்டில் பொடியன் திரைச்சீலையில் உச்சிவரை ஏறி, இறங்கத் தெரியாமல் கத்தித் தெருவையே கூட்டினான். முதுகை வளைக்காத மனிதர் ஸ்டூல் போட்டு ஏறி அவனை இறக்கினார். வைரஸ் உடம்பில் இருக்கிறது. பயல் அதைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. கொழுக்கிறான், கடிக்கிறான், தனிக் கிண்ணத்தில் ராஜாவாகச் சாப்பிடுகிறான். எத்தனை வருஷம் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்ததாகச் சொல்லுகிற ஆளை அந்த வீட்டு வாசலில் சேர்ப்பதில்லை.

ஸ்பரிச ஞானி இப்போது வேறொரு பேட்டையில் வீட்டுச் செடிகளுக்கு மனக்கவலை தீர்க்கிறாராம். பூந்தொட்டியும் கையுமாக ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்களாம். பூனைக்கு முன்னால் எதை வைத்தாலும் அது முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைக்கிறது. அதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது, பட்டம் கிடையாது. இரண்டும் உள்ள நாம் கொஞ்சம் முகர்ந்து பார்த்தால் என்ன கெட்டுப்போய்விடும்?