பார்வையாளர் வாயைத் திறக்கக் கூடாது

"போயிட்டு வாங்க," என்றாள் மனைவி, சட்டைக்கு இஸ்திரி போடுவதை நிறுத்தாமலே.

பேராசிரியருக்குச் சுருக்கென்றது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட ஆராய்ச்சி வேலை. வருவதா இல்லையா என்று இன்று மாலைக்குள் பதில் அனுப்ப வேண்டும். ஒரு பேச்சுக்காவது 'இப்போ எதுக்கு?' என்று அவள் கேட்டிருக்கலாம். மாமனாரும் போகத்தான் சொன்னார். கல்லூரியில் படிக்கும் மகளோ, "உங்க ரூம் எனக்கு," என்று அப்போதே பட்டா போட்டுக்கொண்டாள்.

கருத்துக்கணிப்பில் மக்கள் மனதில் இருப்பதை மறைத்து ஏன் வேறு பதில் சொல்கிறார்கள் என்பதுதான் இந்த அரசியல் அறிவியல் பேராசிரியரின் ஆராய்ச்சி. ஊரே பொய் சொல்லும்போது வீட்டில் மட்டும் உண்மையா பேசுவார்கள்?

முதலில் மாமனாரைத் தனியாகப் பிடித்தார். "மாமா, மறைக்காம சொல்லுங்க. நான் இல்லாம இங்க இருக்க உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

மாமனார் நேராகத் தன் மகளிடம் போனார். "மாப்பிள்ளை என்னைக் கிளம்பச் சொல்றாரும்மா."

மனைவி இஸ்திரிப் பெட்டியும் கையுமாக வந்தாள். "அப்பாகிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒரு கேள்விதான் கேட்டேன். சரி, ரகசிய வாக்கெடுப்பு வச்சிடலாம். அதுலதான் யாரும் பயப்படாம மனசுல இருக்கிறதைச் சொல்வாங்க."

ஏணி இரவல் கேட்டு வந்த எதிர்வீட்டுப் பல் டாக்டர் வசமாக மாட்டிக்கொண்டார். தேர்தல் என்றால் வெளிப் பார்வையாளர் வேண்டுமாம்.

"என்ன நடந்தாலும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது, டாக்டர்."

ஊரையே வாயைத் திறக்கச் சொல்லும் மனிதர் தலையாட்டிவிட்டு, படிப்பறையில் அலமாரி ஓரமாக நின்றுகொண்டார்.

கையெழுத்து தெரியாமலிருக்க, போகலாம் என்றால் டிக், வேண்டாம் என்றால் பெருக்கல் குறி. ஒவ்வொருவராகப் படிப்பறைக்குள் போய், ஓட்டுப் பெட்டியாக வைத்திருந்த குக்கருக்குள் சீட்டைப் போட்டார்கள். கடைசியாகப் பேராசிரியரும் தன் ஓட்டைப் போட்டார்.

மகள் பிரித்துப் படித்தாள். "டிக். டிக். டிக்." நான்காவதை நிமிர்த்திப் பார்த்தாள். "பெருக்கல்."

பேராசிரியரின் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா? யாரோ ஒருத்தர் உள்ளுக்குள்ளயே வச்சுப் புழுங்கிட்டிருக்கீங்க."

"ரூம் கேட்ட நானா அப்படிப் போடுவேன்? தாத்தாதான்."

"என் மேலயே சந்தேகமா? நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்," என்று மாமனார் பையை எடுக்கப் போனார்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "அவர் இல்லாம ரெண்டு வருஷம் எப்படி ஓட்டப்போறேன்னு எனக்கே தெரியல. ஆசைப்படுறாரேன்னுதான் நெஞ்சைக் கல்லாக்கிக்கிட்டு டிக் போட்டேன். என்னையும் சந்தேகப்படுங்க."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "யாரா இருந்தாலும் பரவாயில்லை. குடும்பத்துக்காக இந்த வேலையை விட்டுக்கொடுக்கிறேன்," என்று தியாகி போல லேப்டாப்பைத் திறந்து, 'வர இயலாது' என்று அனுப்பியும் விட்டார்.

மாமனார் பையோடு வாசலுக்கு வந்துவிட்டார். பல் டாக்டர் வகுப்புப் பையன் மாதிரி கையைத் தூக்கினார்.

"தேர்தல் முடிஞ்சாச்சு டாக்டர், இனிமே பேசலாம். ஏணிதானே?"

"ஏணி அப்புறம் சார். முதல்ல பெரியவரைப் பையைக் கீழ வைக்கச் சொல்லுங்க. நீங்க பெருக்கல் குறி போடும்போது நான் உங்க பின்னாலதான் நின்னுட்டிருந்தேன்."